அருவிக்குப் பின்னால் ஒரு மிஷின்

என் சித்தி மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். நான்காவதாகப் புளியங்குடியிலிருந்து ஒருவர் வந்தபோது, தென்காசியில் எங்கள் வீட்டில் கேசரி கிண்டுகிற உற்சாகமே குறைந்துபோயிருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் விளையாட்டு உண்டாக்குகிறவர் என்று காதில் விழுந்ததும் போய் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

பெரியவர்கள் நட்சத்திரம் பேசிக்கொண்டிருக்க, அவர் தன் ஃபோனில் ஒரு கதை விளையாட்டைக் காட்டினார். குற்றாலம் மெயினருவிக்குப் பின்னால் ஒரு மிஷின். பொத்தானை அமுக்கினால் டம்ளரில் ஏதாவது வரும். எதைக் குடிக்கிறோமோ அதன்படி கதை திரும்பும். உள்ளேயிருந்து ஊற்றுவது யார் என்பதுதான் மர்மம். அந்த இடத்தில் கதை நின்றுவிட்டது.

"மிச்சம்?" என்றேன்.

"இன்னும் எழுதலை பாப்பா. நீ என்ன அமுக்குதேன்னு பார்த்துத்தான் எழுதணும். தினம் கொஞ்சம் அம்மா ஃபோனுக்கு அனுப்புதேன்."

சொல்லும்போது அவர் கண் அடுக்களை வாசலில் இருந்தது.

அம்மாவின் அப்பாவான எங்கள் தாத்தா ஒரு சட்டம் வைத்திருந்தார். நிச்சயம் ஆகும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் நம்பர் வாங்கிக்கொள்ளக் கூடாது. குழந்தைக்குக் கதை அனுப்புவது அந்தச் சட்டத்தில் எங்கேயும் வரவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லிரணும்ட்டி. இல்லேன்னா அவுகளுக்கு வேண்டாம்னு ஃபோன் போட்டிருவேன்" என்று சித்திக்குக் கெடு வைத்தார். சித்தி மாட்டேன் என்றால் கதையும் போச்சு.

முதல் நாள் இஞ்சி டீயை நானே அமுக்கினேன். ஒரு குரங்கு டம்ளரோடு பிடுங்கிக்கொண்டு போனது. இரண்டாம் நாள்தான் விசித்திரம். கதைக்குள் ஒரு ராணி வந்திருந்தாள். நன்னாரி சர்பத் குடித்தால் ராணி கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாள். மோர் குடித்தால் அரண்மனையிலேயே இருப்பாள். ராணி எதற்கு வேலைக்குப் போக வேண்டும்? குழம்பிப்போய்ச் சித்தியிடம் ஓடினேன். பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த டீச்சரம்மா கேள்வியைப் படித்தாள், சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"சர்பத்தை அமுக்குட்டி" என்றாள்.

மறுநாள் நான் வாய் திறப்பதற்குள் "கதை வந்துட்டா?" என்று அவளே கேட்டாள். அன்றைக்கு, ராணியின் அப்பாவை வயதான காலத்தில் யார் பார்த்துக்கொள்வது என்று மிஷின் விசாரித்தது. சர்பத் ஊற்றுகிற மிஷினுக்கு இந்த அக்கறை எதற்கு என்று எனக்கு ஒரே எரிச்சல். சித்தி பத்து நிமிஷம் யோசித்துவிட்டு அமுக்கினாள்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு டியூஷன் விட்டுச் சாரலில் நனைந்தபடி வந்து அம்மாவின் ஃபோனைப் பிடுங்கினேன். கடைசிக் கேள்வி. ‘ஒரு டம்ளரா, இரண்டு டம்ளரா?’ இதற்கெல்லாம் யாரிடம் யோசனை கேட்பார்கள்? இரண்டை அமுக்கினேன்.

‘இரண்டும் நாலரை மணிக்கே ஊற்றியாச்சு’ என்று வந்தது.

அழுதுகொண்டே அடுக்களைக்கு ஓடினேன். "சித்தி, மிஷின் கெட்டுப்போச்சு!"

"கெடலட்டி. நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிச் சிரித்தாள். நான் அழும்போது அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலையில் சித்தி சம்மதம் சொன்னாள். "ஃபோன்ல பேச விடாம இருந்தோம் பாருங்க, அதான் புள்ள தெளிவா முடிவெடுத்திருக்கா" என்று தாத்தா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நிச்சயம் முடிந்து இருவரும் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அன்றோடு கதை வருவது நின்றுபோனது. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டவள் நான். எனக்கே பட்டை நாமம்.

கல்யாணத்தன்று நேரே மேடையேறிப் போய்க் கேட்டேன். "சித்தப்பா, உள்ள இருந்து ஊத்துனது யாரு?"

அவர் சித்தியைக் கைகாட்டினார். சித்தி அவரைக் கைகாட்டினாள்.

இரண்டு பேருக்குமே தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டு நான் பந்திக்குப் போய்விட்டேன்.