கோழிக் கழுத்தும் அக்காவின் நெற்றியும்

நாமக்கல்லில் ஒரு நர்சிங் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறேன். ‘கிராம் பாசிட்டிவ் குச்சிப் பாக்டீரியாக்கள்’ என்று பலகையில் எழுதினாலே வகுப்பில் கொட்டாவி கிளம்பிவிடும். அந்தப் பாடத்தை உயிர் போகிற அக்கறையோடு கேட்ட ஒரே ஆள் என் அக்காவின் கணவர்தான்.

மாமாவுக்கு மோகனூர் பக்கம் தோட்டம். வீட்டுத் தேவைக்கு நாட்டுக்கோழி வைத்திருந்தார். போன கோடையில் சில கோழிகளுக்குக் கழுத்து துவண்டு தலை மண்ணில் கிடந்தது. கண் திறந்திருக்கிறது, தூக்க முடியவில்லை. வேலியோரம் செத்து அழுகிய கோழியையும் அதிலிருந்த புழுவையும் தின்றதால் வந்த பாட்டுலிசம் என்றார் கால்நடை மருத்துவர். மாமா எனக்குப் போன் செய்தார். காற்றுப் புகாத அழுகலில் ஒரு பாக்டீரியா வளரும், அதன் விஷம் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் என்று விளக்கினேன். செத்தவற்றை ஆழமாகப் புதைத்தார். மிச்சக் கோழிகள் தப்பின.

ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. தன் புருவத்துக்கு நடுவே விழுந்த கோடு போக, சேலத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் ஊசி போடப் போவதாக அக்கா சொன்னாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா என்னைக் கேட்டார். “அதென்ன ஊசி, அம்முணி?”

வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? “போட்டாக்ஸ்ங்க மாமா. நம்ம கோழிக்கு வந்துச்சுங்கல்ல, அந்தப் பாக்டீரியாவோட விஷந்தானுங்க.”

மாமாவின் கை சோற்றிலேயே நின்றது. “ஏம்புள்ள, மணவறையில தல தொங்கிப் போச்சுன்னா ஆரு தூக்கிப் புடிக்கறது?”

“எம் மூஞ்சி நல்லாருந்தா உங்களுக்குப் பொறுக்காதுங்களே!” என்றாள் அக்கா.

இது வேறு வகை, சுத்தம் செய்த மருந்து, துளியிலும் துளி என்று நான் அவசரமாகச் சொன்னது எடுபடவில்லை. ஊசி போட்டு வந்த பிறகு தினமும் காலையில் மாமா, “எங்க, தலைய நிமுத்து பாக்கலாம்” என்பார். அக்கா கடுகடுத்தபடி நிமிர்ந்து காட்டுவாள். கடுகடுப்பு குரலில் மட்டும்தான். நெற்றி பளிங்காக இருந்தது.

வினை கல்யாணத்தன்று வந்தது. பந்தி உட்கார்ந்தும் இட்லி வரவில்லை. அக்கா சமையல்காரரிடம் போய்ச் சத்தம் போட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “வேற ஊடா இருந்தா இந்நேரம் மொறச்சிருப்பாங்க. நீங்க தங்கமுங்க, அக்கா” என்று சொல்லிவிட்டு நிதானமாக அடுப்பைத் தூண்டினார்.

அக்கா மண்டபத்துக்குள் வந்து மாமாவின் சட்டையை இழுத்தாள். “ஏனுங்க, நீங்க போயி மொறச்சுட்டு வாங்க.”

மாமா போனார். இட்லி வந்தது.

பொங்கலுக்குப் போனபோது கோடு திரும்பியிருந்தது. மறுபடியும் ஊசி போடலாமா என்று அக்கா என்னிடம் கேட்டாள். மாமா தடுப்பார் என்று நினைத்தேன்.

“போட்டுக்கட்டும் அம்முணி. மூணு மாசம் ஊடு நிம்மதியா இருந்துச்சு” என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்துகொண்டேன்.