ஹஸ்பண்ட் விசா

எனக்கு வாய் நீளம்னு, கல்ஃப்ல நாங்க இருக்கிற இந்த முவைலாவுல எல்லாருக்கும் தெரியும். தூத்துக்குடிக்காரி, மனசுல பட்டதைப் பட்டுனு சொல்லிருவேன். அந்த வாய் அடைச்சுப் போனது சுகிர்தராணி விஷயத்துலதான்.

குமரிக் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை. 1999-ல இங்க ஒரு கிளினிக் எடுத்துக் கொடுத்த விசாவுல, நர்ஸா தனியா வந்தா. மூணு வருஷம் கழிச்சு வில்பிரட்டைக் கட்டினா, ரினி பிறந்தா. எங்க குடும்பமும் அவங்க குடும்பமும் ஒரே பிளாட்டுல ஆளுக்கொரு ரூம். கிச்சன் பொது.

ரினிக்கு ரெண்டு வயசானப்போ, வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிளினிக்குல ஆள் கேட்டாங்க. "ஹஸ்பண்ட் விசான்னா நாளைக்கே வாங்க"ன்னாங்க. விசாச் செலவு அவங்களுக்கு மிச்சமாம்! இவளும் சொந்தக் கால்ல நின்ன விசாவை விட்டுட்டுப் புருஷன் பொறுப்பேத்து எடுக்கிற விசாவுக்கு மாறினா. "அதுதானே ஜோதியக்கா பாதுகாப்பு?"ன்னு கேட்டா. நானும் தலையாட்டினேன். என்னைச் செருப்பால அடிக்கணும்.

2008-ல ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. அவன் வேற பிளாட்டுக்குப் போயிட்டான். ஒரு மாசத்துல போன் பண்ணி, "விசா ரினியூ பண்ணணும், பாஸ்போர்ட் கொடு"ன்னான். பாவி மக, புதுசா போட்டோவும் எடுத்து வெச்சுக் கொடுத்தா. கேன்சல் முத்திரையோட திரும்பி வந்துச்சு. முப்பது நாள்ல நாட்டை விட்டுப் போகணும்.

கிளினிக்குக்கு ஓடினோம். "நீங்களே விசா எடுங்க சார், சம்பளத்தைக்கூடக் குறைச்சுக்கோங்க"ன்னு கெஞ்சினா. ஹஸ்பண்ட் விசாவுல வேற நர்ஸ் கிடைச்சாச்சுன்னுட்டான் மேனேஜர்.

ரினியோட விசா அப்பன் பேர்ல. பாஸ்போர்ட்டும் அவன் கையில. "பிள்ளை இங்கதான் படிக்கும்"னான். "நீ வெளங்கவே மாட்டலே!"ன்னு போன்ல கத்தினேன். வெச்சுட்டான். பெத்த மகளைப் பார்க்க வர்றதுக்கு ஒரு விசிட் விசா வேணும்னாலும் இவ அவன்கிட்டதான் கையேந்தணும். கடவுளே, இதென்ன நியாயம்?

இருபத்தொன்பதாம் நாள் ஏர்போர்ட்டுக்குப் போனோம். ரினியைக் கூட்டிட்டுப் போக வில்பிரட் வெளிய கார்லயே உட்கார்ந்திருந்தான். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஏர்போர்ட்னா யாரோ லீவுல ஊருக்குப் போறாங்கன்னு அர்த்தம்.

"மம்மி, உனக்கு எத்தனை நாள் லீவ்?"

சுகிர்தா குனிஞ்சு அவ சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டா. ஏற்கனவே போட்டிருந்த பட்டன்தான்.

"ஒரு மாசம்டி செல்லம்."

"நிஜமா ஆன்ட்டி?"ன்னு ரினி என்னைப் பார்த்தா.

அன்னைக்கும் நான் தலையாட்டினேன்.