ப்ரொட்டரும் மொட்டைப் பாறையும்

"…கழட்டினால் விழுந்திடுவன், போட்டுக்கொண்டு நிண்டாலும் சறுக்குது. அப்ப நான் என்னத்தைத்தான் செய்யிறது, சொல்லுங்கோவன்?"

துனீசியாவில், இரண்டு செம்மலைகளுக்கு நடுவில், ஒரு மொட்டைப் பாறையின் உச்சியில் நின்றுகொண்டு என் மனைவி கேட்டாள். கீழே பாலைவனச் சோலையின் பேரீச்ச மரங்கள் தெரிந்தன. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவன் நான். வழுக்கும் ரோட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பேன். பாறை எனக்குப் புதிது.

சங்கதி மார்கழியில் தொடங்கியது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ட்ராம் தரிப்பிடம். அந்தத் தூரத்துக்குள் மனைவி கண்ணாடிப் பனியில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தாதி பெயரைக் கேட்க முதலே, "ப்ரொட்டர் போட்டிருந்தீர்களா?" என்று கேட்டாள். ப்ரொட்டர் என்பது சப்பாத்துக்கு அடியில் மாட்டும் இரும்பு முள். ஒஸ்லோவில் பனிக்காலத்தில் விழுகிறவருக்கு அனுதாபத்துக்கு முன்னம் இந்தக் கேள்விதான் வரும்.

"கால் நோகேல்லையப்பா, அவ கேட்ட கேள்விதான் நோகுது" என்றாள் மனைவி. இந்த மாதிரி வசனங்களுக்காகவே நான் அவளோடு வீட்டில் சண்டை பிடிப்பதுண்டு.

எலும்பு ஒட்டியது. பயம் போகவில்லை. பனி உருகின பிறகும் ப்ரொட்டர் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டாள். அவளுக்கு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை, எப்போதும் ஈரத் தரை. மருத்துவ லீவு முடிகிற நேரம், ஒரு கிழமை வெயிலுக்கு என்று துனீசியாவுக்குப் போனோம். இந்த ஒருநாள் பயணத்துக்குப் பதிந்தது அவள்தான்.

"அந்த மலையிடுக்குக்குள்ளாலை நடந்து சோலைக்கு இறங்கினனெண்டால் வாற திங்கள் வேலைக்குப் போறன். இல்லையெண்டால் வேலையை விடுறனெண்டு எழுதிக் குடுத்துப்போட்டு வீட்டிலை இருக்கிறன்."

மலையில் ஜீப் நின்றதும் வழிகாட்டி, நடக்க விருப்பமில்லாதவர்கள் ஜீப்பிலேயே ரோட்டால் சுற்றி வரலாம் என்றான்.

"இஞ்சரும், நீர் ஜீப்பிலை வாரும். நான் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுறன்" என்றேன்.

"படம் பாக்கவே நான் இவ்வளவு தூரம் வந்தனான்? வேணுமெண்டால் நீங்கள் ஜீப்பிலை போங்கோ."

சொல்லிக்கொண்டே கைப்பைக்குள்ளிருந்து ப்ரொட்டரை எடுத்து மாட்டினாள். பாலைவனத்தில்! வழிகாட்டி குனிந்து பார்த்து, "இது காருக்குப் போடுகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். எங்களோடு வந்த ஒரு நோர்வேக்காரக் கிழவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒஸ்லோக்காரி! ஒஸ்லோக்காரி!" என்று என் மனைவியின் முதுகில் தட்டினாள்.

சரளைக் கல்லில் முள் நன்றாகத்தான் பிடித்தது. கறக் கறக் என்ற சத்தத்தைக் கேட்டு வழிகாட்டி, "குதிரை வருகிறது" என்றான்.

"குதிரையெண்டால் முன்னுக்குத்தான் போகும், வழி விடச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி. நான் மொழிபெயர்த்தேன்.

அப்படி வந்த குதிரைதான் பாறையில் நின்றுபோனது. எந்தக் காலத்திலோ ஓடின தண்ணீர் அதைத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தது. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். அவள் ஒரு அடி வைத்தாள், கிரீச்சென்று முள் சறுக்கியது.

"இரும்பு கல்லைப் பிடிக்காது, மேடம். சப்பாத்தின் ரப்பர்தான் பிடிக்கும். கழற்றுங்கள்" என்றான் வழிகாட்டி கீழேயிருந்து.

நான் அதைத் தமிழில் சொன்னபோதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் அவளுடைய முழங்கையைப் பிடிக்கப் போனேன்.

"பிடியாதேங்கோ. திங்கக்கிழமை குசினிக்கும் வந்து பிடிப்பியளோ?"

கையை எடுத்துவிட்டேன். கீழே சோலையில் தவளைகள் கத்துவது கேட்டது. பாலைவனத்தில் தவளை. அவளும் அதைக் கேட்டிருக்க வேண்டும், அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தாள்.

பிறகு பாறையிலேயே குந்தினாள். இடது காலில் ஒன்று, வலது காலில் ஒன்று, இரண்டையும் கழற்றினாள். எழும்பினாள். வழிகாட்டி இரண்டு எட்டு மேலே ஏறி வந்து, பிடித்துக்கொள்ளும்படி கையை நீட்டினான். நீட்டின அந்தக் கையில் ப்ரொட்டர் இரண்டையும் வைத்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு அவள் பேரீச்ச மரங்களை நோக்கி இறங்கத் தொடங்கினாள்.