விரதத்தில் சேராத தேத்தண்ணி

எங்கள் வீட்டில் தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததில்லை. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற அம்மா, விடியற்காலையிலேயே பால்மா கரைத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “இன்னும் பச்சத்தண்ணி பல்லுல படல” என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வார். அந்த அக்காவும் ஒரு கோப்பை குடித்துவிட்டுத்தான் விரத முகத்தோடு வந்து நிற்பார். சாமி இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனை செய்கிறவர்கள் சாமியைவிடக் கறாரானவர்கள் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள தோட்டத்தில் அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வேலைக்குப் போன காலமெல்லாம் அம்மாதான் இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி, எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடுவார். இருவரும் வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு நாள் காலையில், “இனிமே நீ படு, நான் போடுறேன்” என்று சொல்லி அப்பா அடுப்படிக்குள் போனாராம். அதற்கு முன்பு அவர் சுடுதண்ணி வைத்துக்கூட நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்குப் படுக்கையிலேயே தேத்தண்ணி வந்தது. அம்மா இதை எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டதில் மற்ற வீட்டு ஆண்களுக்கெல்லாம் அப்பா மேல் கொஞ்சம் கோபம்.

பிறகு அம்மாவுக்குச் சீனி வியாதி வந்தது. அப்பா தேத்தண்ணியில் சீனியை ஒரேயடியாக நிறுத்திவிட்டார். ருசி குறைந்துவிட்டதே என்ற கவலையில் பால்மாவை மட்டும் இரண்டு கரண்டி கூட்டினார். தொட்டுச் சாப்பிட பிஸ்கட்டும் வைத்தார். மனுஷன் அவ்வளவு கவனம்.

எனக்கு ஹட்டனில் சின்னத் தையல் கடை. கிளினிக் நாள் என்றால் எங்களுக்கு அது திருவிழா மாதிரி. அம்மா நல்ல சேலை உடுத்தி, அப்பா மடிப்புக் கலையாத சட்டை போட்டு, முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். இரத்தம் எடுத்த கையோடு என் கடைக்கு வருவார்கள். நான் வடை வாங்கி வைத்திருப்பேன். மூவரும் தையல் மெஷினைச் சுற்றி உட்கார்ந்து தோட்டத்துக் கதையெல்லாம் பேசித் தீர்ப்போம். இப்போதும் வடை வாசனை வந்தால் எனக்கு அந்தக் காலைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஆனால் ரிப்போட் மட்டும் சரிவரவில்லை. மாத்திரையைக் கூட்டியும் சீனி இறங்கவில்லை. கொழுப்பும் இறங்கவில்லை. கிளினிக்கில் அம்மாவைப் பார்த்தவர் தமிழ் நன்றாகப் பேசுகிற ஒரு சிங்களப் பெண் டொக்டர். ரிப்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சீனி கொறஞ்சா ரத்தத்துல இருக்கிற ட்ரைகிளிசரைட்டுங்கிற கொழுப்பும் கொஞ்சம் கூடவே எறங்கணும். ஒங்களுக்கு ரெண்டுமே எறங்கல. மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?”

“கோயிலுக்கு வெளக்கு வைக்க மறந்தாலும் மாத்திரைய மறக்கிறதில்லைங்க,” என்றார் அம்மா. அது உண்மை.

அடுத்த முறையும் இப்படியே இருந்தால் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் லயத்து வீட்டில் பிரிட்ஜ் இல்லை. கொழும்பில் கடையில் வேலை செய்கிற அண்ணன் உடனே முடிவு செய்துவிட்டார்: ஊசி என்றால் அம்மா அவரோடு கொழும்பில் இருக்க வேண்டும். அவர் இருப்பது ஒற்றை அறை. அப்பா தோட்டத்தில், அம்மா கொழும்பில். இதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை. ரொட்டியில் தேங்காய்ப்பூவைக் குறைத்தார். கருவாட்டுப் பொரியலை விட்டார். அப்பா தேத்தண்ணியை இன்னும் அக்கறையாகப் போட்டார்.

அந்தப் பரிசோதனைக்கு முந்தின நாள் தோட்டத்துக் கோயில் திருவிழா. நான் போய் அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் கண் விழித்தபோது அம்மா படுக்கையில் உட்கார்ந்து, ஊதி ஊதித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கையில் பாதி பிஸ்கட்.

“என்னம்மா இது? வெறும் வயித்துல போகணும்னு சொன்னாங்கல்ல?”

“நான் எங்கடி சாப்பிட்டேன்? தேத்தண்ணிதானே குடிக்கிறேன்.”

“அந்த பிஸ்கட்டு?”

“அது தேத்தண்ணியோட சேந்தது.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒவ்வொரு முறையும் இப்படித்தானா என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா கதவோரம் தன் கோப்பையோடு நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“அப்ப நாந்தான் இவளக் கொழும்புக்கு அனுப்பி வைக்கப் பாத்தேனா?” என்றார்.

அதைக் கேட்டதும் என் ஆத்திரம் அடங்கிவிட்டது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்று இரத்தம் எடுக்கவில்லை. டொக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தப் பாலும் பிஸ்கட்டும் சீனியையும் ட்ரைகிளிசரைட்டையும் கூட்டிக் காட்டியிருக்கும் என்று சொல்லி, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் அம்மா குடிக்கக் கூடாது என்பதால் அப்பாவும் குடிக்கவில்லை. அவருக்கு எந்தப் பரிசோதனையும் இல்லை. பஸ்ஸில் இருவரும் உம்மென்று உட்கார்ந்து வந்ததாகக் கண்டக்டர் சொன்னார். இரத்தம் எடுத்த பிறகு பஸ் ஸ்டாண்டுக் கடையில் தேத்தண்ணி குடித்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, “இதெல்லாம் ஒரு தேத்தண்ணியா” என்றார் அப்பா. அம்மா கோப்பையைக் காலி செய்துவிட்டு, “ஒங்க கைப்பக்குவம் வராதுங்க” என்றார். அப்பா வெட்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

சீனி நன்றாக இறங்கியிருந்தது. ட்ரைகிளிசரைட்டும் இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்றார் டொக்டர். அம்மா அதோடு விடவில்லை.

“சீனி மாத்திரையே கொழுப்பையும் கொறைக்குதுன்னா, ராத்திரி போடுற கொலஸ்ட்ரோல் மாத்திரை எதுக்குங்க?”

“அது வேற கொழுப்பும்மா. சீனி எறங்கினதால கெட்ட கொலஸ்ட்ரோல் எறங்கல, பாருங்க. சீனி மாத்திரையில சிலது அதக் கொஞ்சம் கொறைக்கும், சிலது தொடவே தொடாது, சிலது லேசாக் கூட்டவும் கூட்டும். நெஞ்சுக்கு அந்த ராத்திரி மாத்திரைதான் காவல். அத மட்டும் விட்டுறாதீங்க.”

வெளியே வந்ததும் அப்பா அண்ணனுக்குப் போன் செய்யச் சொன்னார். “ஒங்கம்மா இங்கதான் இருப்பா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்தார்.

போன மழைக்காலத்தில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். காரியம் முடிந்ததும் அண்ணன் அம்மாவை மறுபடி கொழும்புக்குக் கூப்பிட்டார். அம்மா கடைசி ரிப்போட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, “எல்லாம் நல்லாத்தானே இருக்கு, நான் ஏன் வரணும்?” என்றார். அண்ணன் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

இப்போது சனிக்கிழமைதோறும் நான் தோட்டத்துக்குப் போய்த் தங்கிவிட்டு வருகிறேன். போன வாரம் கண் விழித்தபோது அம்மா படுக்கையில் உட்கார்ந்து அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பு மூட்டவில்லை. நான் எழுந்து தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பையை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

“இன்னைக்கு டெஸ்ட் ஒண்ணும் இல்லையேம்மா. குடிங்க.”

“தெரியும். விடியட்டும்,” என்றார் அம்மா. “இந்த நேரத்துத் தேத்தண்ணி ஒங்கப்பா போடுறது.”