அப்பாவின் இங்கிலீஷ் பேப்பர்

எங்கள் வீட்டில் பரீட்சை என்றால் காய்ச்சல் வருவது அப்பாவுக்குத்தான். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எனக்குப் பரீட்சை ஒரு பொருட்டே இல்லை. அப்பாதான் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிக்கொண்டிருந்தார். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், தேதி நெருங்கிவிட்டால் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். "சாப்புட்டுப் படிங்க. எழுத்து எங்கியும் ஓடிப் பூடாது" என்பாள் அம்மா.

திண்டிவனத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் அவர் பியூன். உள்ளே இருந்து மணி அடித்தால் எழுந்து போக வேண்டும். அடிப்பவர்களில் பாதிப் பேர் அவரைவிடப் பத்து வயது சின்னவர்கள். அப்பா ஒன்பதாவது படிக்கும்போது அவருடைய அப்பா போய்விட்டார். அத்தோடு பையை மூலையில் வைத்துவிட்டு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தைக்கப் போனவர், தன் படிப்பைத்தான் நிறுத்தினாரே தவிர தங்கையின் படிப்பை நிறுத்தவில்லை. அத்தை அந்தக் காலத்துப் பதினோராவது வரை போய், ஒரே தடவையில் தேறினாள். ஊரெல்லாம் சாக்லேட் கொடுத்தாராம் அப்பா, ஏதோ தானே தேறிவிட்ட மாதிரி.

எண்பதுகளின் நடுவில் ஆபீசில் ஒரு பேச்சு கிளம்பியது. பத்தாவது தேறிய பியூன்களைக் கிளார்க்காக எடுக்கப் பட்டியல் தயாராகிறது, அது முடிவதற்குள் தேறியவர்களுக்கு மேசை நாற்காலி உண்டு, மற்றவர்களுக்குக் கடைசிவரை மணிதான். அப்பா அன்றைக்கே டுடோரியலில் சேர்ந்துவிட்டார்.

டுடோரியல் என்பது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடைக்கு மேலே போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. பத்தாவதில் கோட்டை விட்ட பையன்கள் சாயங்காலம் அங்கே கூடுவார்கள். அப்பா ஆபீஸ் முடிந்து காக்கிச் சட்டையோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். முதல் நாள் அவரைப் புது மாஸ்டர் என்று நினைத்துப் பையன்கள் மொத்தமாக எழுந்து நின்றுவிட்டார்களாம். நிஜமான மாஸ்டருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவர் உள்ளே வரும்போதெல்லாம் அப்பா எழுந்து நிற்பார். "நீங்க உக்காருங்க சார்" என்று மாஸ்டர் கெஞ்சுவாராம். பள்ளிக்கூடத்து மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அதை அப்பா இருபத்தைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தார்.

ஒவ்வொரு பாடமாகத் தாண்டினார். முதல் தடவை தமிழும் வரலாறும் தேறின. அடுத்தது அறிவியல். கணக்கு கழுத்தறுத்துவிட்டுக் கடைசியில் போனால் போகிறது என்று விட்டது. பாக்கி நின்றது இங்கிலீஷ் ஒன்றுதான்.

இங்கிலீஷில் சந்தேகம் கேட்க டுடோரியலில் அவருக்கு வெட்கம். பையன்கள் சிரிப்பார்களாம். அதனால் அந்தப் பாடம் அத்தையிடம் வந்தது. அத்தையைக் கிளியனூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான மூன்றாம் வருஷம் மாமாவைக் கழனியில் பாம்பு தீண்டிவிட்டது, பிழைக்கவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அதற்கப்புறம் வெளியே போவது என்றால் கோயிலுக்குக்கூட அபூர்வம். சமையலும் தோய்ப்பதும்தான் அவளுடைய நாள். அந்தப் பெட்டிக்குள் மடித்து வைத்த புடவையைப் போல அவளுடைய இங்கிலீஷும் கசங்காமல் இருந்திருக்கிறது. அப்பா கேட்டபோது கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அந்தப் பாடத்தைப் பார்க்க வேண்டும். அண்ணனிடம் "தப்பு" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அவர் தப்பாகப் படித்தால், "புஸ்தகத்துல வேற மாதிரி போட்டுக்குதுண்ணா" என்பாள். "புஸ்தகம் சொன்னா கேட்டுக்கத்தான் வேணும்" என்று அப்பா மறுபடி படிப்பார். மூன்றாம் தடவையும் அதே தப்பு வந்தால் அத்தை தலையைக் குனிந்துகொண்டு புடவை நுனியைத் திருகுவாள். அதைப் பார்த்தே அவர் திருத்திக்கொள்வார். ரயில் பயணம் பற்றிய கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டு அவர் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடப்பார். அடுப்படியில் இருந்து அத்தை விட்டுப்போன வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். கேட்டுக் கேட்டு எனக்கே அந்த ரயில் பாதி தூரம் போகும். அத்தை சிரித்து நான் பார்த்தது அந்த மாதங்களில்தான்.

இடையில் அப்பாவுக்கு வெள்ளெழுத்து வந்தது. புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக் கடைசியில் கை நீளம் தீர்ந்துபோனதும், இனியும் தள்ளிப் பிடித்தால் வேலைக்காகாது என்று அத்தைதான் கண்ணாடி வாங்கச் சொன்னாள். அதைப் போட்டுக்கொள்ள அவருக்குக் கூச்சம். சட்டைப் பையிலேயே இருக்கும். படிக்கும்போது மட்டும் மூக்கில் ஏறும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை இங்கிலீஷ் பேப்பர். சென்டர் விழுப்புரத்தில், ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில். விக்கிரவாண்டி வழியாக பஸ்ஸில் போக வேண்டும். இந்தத் தடவை எதிலும் குறை வைக்கக் கூடாது என்று அம்மா கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். காக்கி வேண்டாம் என்று புது வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்தாள். சாமி கும்பிட்டு, விபூதி வைத்து, ராகுகாலம் பார்த்து, எல்லாம் ஆயிற்று. அப்பா கிளம்பும் சமயம் அம்மா குடத்தில் தண்ணீரோடு தெருவில் இருந்து எதிரே வர வேண்டும். பெண்குழந்தை எதிரே வந்தாலும் நல்லது என்று எனக்கும் தலையில் பூ வைத்து அம்மாவோடு தெருவில் நிறுத்தியிருந்தார்கள். யாரும் "எங்க போறீங்க" என்று கேட்கக் கூடாது. என்ன ஆனாலும் பின்னால் இருந்து கூப்பிடக் கூடாது.

அத்தையிடம் சொன்னவர் அப்பாவே. தண்ணீர் கேட்பதைப் போல மெதுவாகத்தான் சொன்னார். "பாப்பா, நான் கெளம்பற வரிக்கும் நீ பின்பக்கம் இரும்மா."

"சரிண்ணா. பதறாம எழுது" என்றாள் அத்தை. கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

அம்மா குடத்தோடு நடந்து வந்தாள். நானும் கூடவே நடந்தேன். அப்பா வலது காலை எடுத்து வாசல்படியைத் தாண்டினார். எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. அந்த நேரம் அவருக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, கூடத்தின் அந்தக் கோடியில் அத்தை வந்து நின்றாள். ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. ஒரு கை பாதி தூக்கியபடி இருந்தது. வாய் திறந்திருந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டாள். உள்ளே இருட்டு, கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. அண்ணன் போவதைத் திருட்டுத்தனமாகப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அம்மாவின் கண் குடத்தின் மேலேயும் அப்பாவின் மேலேயும் இருந்தது. அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அப்படித்தான் நடக்க வேண்டும்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் அத்தை வாசலுக்கு வந்தாள். அவள் கையில் கண்ணாடி. துவைக்க ஊற வைக்கலாம் என்று காக்கிச் சட்டையை எடுத்திருக்கிறாள். பையில் அது இருந்திருக்கிறது.

"ஐயோ, எப்ப பாத்த?" என்றாள் அம்மா.

"இப்பதான் அண்ணி."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. அதற்குள் அம்மா கண்ணாடியை என் கையில் திணித்துவிட்டாள். "ஜல்தியா ஓடு. பின்னாலேந்து கூப்புடாத. சந்து வழியா சுத்திக்கினு எதுக்க போயி குடு."

ஓடினேன். நேராகக் கடைத்தெருவில் ஓடி ஒரு குரல் கொடுத்திருந்தால் மார்க்கெட்டுக்கு முன்னாலேயே பிடித்திருக்கலாம். ஆனால் எதிரே போக வேண்டுமே. சேறும் சகதியுமான சந்துகளில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது விழுப்புரம் வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னலோரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தினேன். ஹாரன் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அத்தை புடவை மாற்றிக்கொண்டு நின்றிருந்தாள். எத்தனையோ வருஷமாகத் தனியாகப் பஸ் ஏறாதவள். "பரீட்சை பத்து மணிக்குத்தான். அடுத்த வண்டியில போயி குடுத்துட்டு வந்துடறேன் அண்ணி. வழி எனக்குத் தெரியும்" என்றாள்.

அம்மாவால் போக முடியாது. இடுப்பில் தம்பி, அதோடு விழுப்புரத்தில் அவளுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. தம்பியை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா. எழுதப் போற நேரத்துல எதுக்க போயி நிக்கணுமா? தப்பா எடுத்துக்காத" என்றாள். சொல்லும்போது அம்மாவுக்கே அழுகை வந்துவிட்டது. எங்கள் அம்மா கெட்டவள் இல்லை. அப்பா தேற வேண்டும் என்று அவளைப் போல வேண்டிக்கொண்டவர்கள் யாரும் இல்லை, அத்தையைத் தவிர.

அத்தை தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. புடவையை மறுபடி மாற்றிக்கொண்டு போய்த் துணிகளைத் துவைத்தாள்.

சாயங்காலம் அப்பா சிரித்துக்கொண்டேதான் வந்தார். "பெரிய எழுத்தெல்லாம் தெரிஞ்சிது. படிச்சிட்டு பதில் எழுதணுமே, அந்தப் பத்திதான் எறும்பு மாரி ஊர்ந்துக்கினு போச்சு. பேப்பரத் தள்ளிப் புடிச்சா முன்னால இருந்த பையன் முதுகுல இடிக்குது" என்றார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். கண்ணாடியை வாங்கித் துடைத்தார். "யாரு பாத்தது?"

"நான்தாண்ணா" என்றாள் அத்தை. "நீ போனப்பறம்தான் பாத்தேன். துணி ஊறப் போடும்போது."

எனக்கு வாய் துறுதுறுத்தது. இல்லை அத்தை, அப்பா படி தாண்டும்போதே நீ நின்றாயே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா பெருமூச்சு விட்டார். "உடு பாப்பா. நீ முன்னாடியே பாத்திருந்தா குரல் குடுத்திருக்க மாட்டியா இன்னா? என் நேரம், அவ்ளோதான்" என்றார். அத்தை "ஆமாண்ணா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

முடிவு வந்தது. சொற்ப மார்க்கில் போயிருந்தது. பட்டியல் முடிந்துவிட்டது. அடுத்த மார்ச்சில் எழுதச் சொல்லி டுடோரியல் மாஸ்டர் வீட்டுக்கே வந்து கேட்டார். அப்பா அவருக்கு எழுந்து நின்று காப்பி கொடுத்து அனுப்பினார், எழுதவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை மணிக்கு எழுந்து போனார். அத்தையும் அப்பாவும் எதிரெதிரே உட்காருவது நின்றுவிட்டது. யாரும் நிறுத்தவில்லை, படிக்க ஒன்றும் இல்லை, அதனால் நின்றது. அவள் சிரிப்பும் அதோடு போயிற்று. எனக்கு அது இப்போதும் தாங்கவில்லை.

நான் அன்றைக்குப் பார்த்ததை அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. திட்டு வாங்கப் பயந்துகொண்டு அத்தை பொய் சொல்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். பின்னே, முன்னாலேயே பார்த்துவிட்டுச் சும்மா நின்றவளை யாராவது திட்டாமல் இருப்பார்களா? அவளைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ரொம்ப நாள் பெருமைகூட இருந்தது. அவளைப் பின்பக்கம் இருக்கச் சொன்னது அப்பாவின் வாய்தான் என்பதும், ஓடி வந்தவளை நிறுத்தியது அந்தச் சொல்தான் என்பதும், அது அவருக்குத் தெரியாமல் போகட்டும் என்றே அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள் என்பதும் எனக்குப் புரிந்தபோது இரண்டு பேருமே இல்லை.