மௌரீன் டீச்சர் சில்வண்டுக்கு இடம் கொடுத்தார்

எங்கள் தெருவில் மௌரீன் டீச்சருக்கு மரியாதை உண்டு. அவரைப் பிடித்தவர் என்று யாரும் கிடையாது. ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்தில் ஒரு கான்வென்ட்டில் துணைத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். திருத்துவதற்குப் பிள்ளைகள் இல்லாமல் போனதும் தெருவைத் திருத்த ஆரம்பித்தார். பங்குச் சாமியாரின் ஆங்கில உச்சரிப்பு சரியில்லை, காய்கறி வண்டிக்காரரின் நகம் சரியில்லை, எதிர்வீட்டுத் திரைச்சீலை நிறம் சரியில்லை. யாரிடமும் சண்டை போடமாட்டார். மூக்கைக் கொஞ்சம் தூக்கி, கண்ணை இறக்கிப் பார்ப்பார். அவ்வளவுதான். அதிலேயே ஆள் சுருங்கிவிடவேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

அந்தப் பார்வையில் பெரும்பங்கு ஐரினுக்குப் போனது. ஐரின் ஒக்கலிபுரத்து நெரிசலான சந்துகளிலிருந்து வந்து அடுத்த வீட்டை வாங்கியவள். கல்யாணம், ஞானஸ்நானம் என்று ஆர்டர் எடுத்து பிரியாணி செய்து கொடுப்பாள். உரக்கச் சிரிப்பாள். பெரிய அண்டாக்களை வாசலிலேயே போட்டுக் கழுவுவாள். டீச்சர் அவள் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ‘அந்தப் பொம்பள’ என்பதோடு சரி.

டீச்சரின் ஒரே மகள் சிந்தியா, கணக்கு பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை. அவளோடு வேலை செய்த ராகேஷ் கனடாவுக்குப் போகும்போது தன் லெப்பர்ட் கெக்கோவை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளி போட்ட, உள்ளங்கை நீளத்துப் பல்லி. வீட்டுக்குள் பல்லியா என்று டீச்சர் குதிப்பார் என்றுதான் சிந்தியா பயந்தாள். ஆனால் அது வெளிநாட்டு இனம் என்று தெரிந்ததும் டீச்சர் கண்ணாடித் தொட்டியை ஹாலிலேயே வைக்கச் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெபக்கூட்டத்து ஜூலியாவைக் கூப்பிட்டு வந்து காட்டினார். சுவரில் ஓடுகிற நம் ஊர்ப் பல்லியையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்று விளக்கவும் செய்தார்.

தொந்தரவு அதன் சாப்பாட்டில் வந்தது. உயிருள்ள பூச்சிதான் அதற்கு ஆகாரம். ராகேஷ் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய சில்வண்டு கொடுத்திருந்தான். மூடியில் காற்றுக்குத் துளை, உள்ளே அவை ஏறி நிற்க முட்டை அட்டை. டீச்சர் அதைப் பார்த்த மாத்திரத்தில் காம்பவுண்டு சுவர் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார். காலையில் போய்ப் பார்த்தால் துளை வழியாக எறும்பு ஏறி ஒன்று விடாமல் தின்றிருந்தது. டீச்சர் எறும்புகளைப் பாராட்டினார்.

அதன் பிறகு சிந்தியா கெஞ்சாத நாள் இல்லை. பூச்சி டப்பாவைத் தன் அறையிலேயே பூட்டி வைப்பதாகச் சொன்னாள். அவை கேரட் தின்று வளர்கிற சுத்தமான பூச்சிகள் என்றாள். வீடியோ காட்டினாள். டீச்சர் வீடியோவில் பேசியவனின் இலக்கணப் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவித்த முட்டை கொடுக்கச் சொன்னார். பிறகு கோழியைப் பொடியாக நறுக்கி வைக்கச் சொன்னார். அசையாத எதையும் அந்தப் பிராணி சாப்பாடாகவே மதிக்கவில்லை. வாலில்தான் அது கொழுப்பைச் சேர்த்து வைக்கும். தடிமனாக இருந்த வால் மெலிந்துகொண்டே வந்தது. பூச்சி கொடுக்காவிட்டால் தாங்காது என்று மிருக டாக்டர் சொன்னதை சிந்தியா வந்து சொன்னபோது, மாட்டுக்கு ஊசி போடுகிறவன் பேச்சைக் கேட்டு நான் வீடு நடத்தவேண்டுமா என்று கேட்டார் டீச்சர். தொட்டியை மட்டும் ஹாலை விட்டு எடுக்க விடவில்லை. விருந்தாளி வந்தால் காட்டவேண்டுமே.

ஒரு சாயங்காலம் சிந்தியா கேட்டுக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை ஐரின் பார்த்தாள். ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்துப் பக்கத்தில் வந்தவள், விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தாள்.

“பூச்சிக்கா இந்த அழுகை? கொண்டாந்து நம்ப வீட்ல வெச்சிக்கோம்மா. சமையக்கட்டு பக்கம் வராம இருந்தா போதும். மொட்டைமாடி ரூமு சும்மாதான் கெடக்குது.”

அப்படித்தான் ஆரம்பித்தது. சிந்தியா புதிதாக வாங்கி வந்த பூச்சி ஐரின் வீட்டு மாடிக்குப் போனது. தினமும் வேலை முடிந்ததும் சிந்தியா கெக்கோவை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு அங்கே போவாள். அது சில்வண்டுகளைக் குறி பார்த்துப் பிடித்துத் தின்பதை ஐரின் மோவாயில் கைவைத்து உட்கார்ந்து பார்ப்பாள். பிறகு காபி. காபிக்குப் பிறகு பேச்சு. இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துவிட்டு வருகிற நாட்களும் வந்தன. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரே சுவர். மகளின் சிரிப்பு அதைத் தாண்டி டீச்சரின் சாப்பாட்டு மேஜை வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பை டீச்சர் தன் வீட்டில் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதற்காக அவர் வருத்தப்பட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அவமானமாக இருந்தது.

கடைசியில் ஒருநாள் டப்பாவோடு கிளம்பிய மகளை வாசலில் நிறுத்தினார்.

“தினம் தினம் அங்க ஓடுறியே, அந்தப் பொம்பள வீட்ல அப்படி என்னதான் இருக்கு?”

“பூச்சி இருக்கு மம்மி.”

சிந்தியா குரலை உயர்த்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போயேவிட்டாள். மறுநாள் காலை டீச்சர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், பூச்சியைக் கொண்டு வந்து ஸ்டோர் ரூமில் வைத்துக்கொள் என்றார். டாக்டரும் வீடியோவும் மெலிந்த வாலும் செய்ய முடியாததை ஐரின் மேல் இருந்த இளக்காரம் செய்து முடித்தது. தன் வீட்டுப் பெண் அந்த வாசலில் ஏறி இறங்குவதைவிட வீட்டுக்குள் பூச்சி இருப்பது அவருக்கு மேலாகத் தெரிந்தது.

வீடு மாற்றி வீடு நடக்கும் அன்பிய ஜெபம் அந்த மாதம் டீச்சர் வீட்டு முறை. கோயில் பங்கில் எங்கள் தெருக் குடும்பங்கள் எல்லாம் ஒரு குழு என்பதால் ஐரினும் வந்தாள். முதல்முறையாக அந்த வீட்டுக்குள் வந்தவள் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெபமாலை பாதியில் இருக்கும்போது ஸ்டோர் ரூமிலிருந்து சில்வண்டுகள் கத்த ஆரம்பித்தன. ஒன்று தொடங்க, மற்றவை சேர்ந்துகொண்டன. ஜூலியா கண்ணைத் திறந்து, அது என்ன சத்தம் என்று கேட்டாள்.

டீச்சர் தயங்கவே இல்லை. “பக்கத்து வீட்லேந்து வருது. சுத்தம்னா என்னன்னு தெரியாத ஜனங்க. என்ன பண்றது, அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியதுதான்.”

ஐரின் ஐந்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் அவரவர் ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டோம். நானும்தான். எங்கள் தெருவின் தைரியம் அவ்வளவுதான்.

சிந்தியா மட்டும் எழுந்து உள்ளே போனாள். சில்வண்டு டப்பாவைக் கொண்டு வந்து மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வைத்தாள்.

“இது எங்க வீட்டுப் பூச்சி. எங்கம்மா வெக்கக் கூடாதுன்னு சொன்னப்போ ஐரின் ஆண்ட்டிதான் இடம் குடுத்தாங்க.”

டீச்சரின் முகத்தில் நிறம் மாறி மாறி வந்தது. அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் தலை குனிந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஐரின் ஒன்றும் குத்திப் பேசவில்லை.

“பரவால்ல டீச்சர், அதுங்களும் ஜெபம் பண்ணட்டும். நீங்க மேல சொல்லுங்க” என்றாள்.

அந்தப் பெருந்தன்மையைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. ஜெபம் முடிந்ததும் தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். காபியை சிந்தியாதான் கொடுத்தாள். போய் மன்னிப்புக் கேள் மம்மி என்று அவள் இரண்டு மூன்று நாள் வற்புறுத்தியதன் பேரில், டீச்சர் பேக்கரியில் ஒரு கேக் வாங்கி, வேலைக்கு வரும் ருக்மிணியிடம் கொடுத்து அனுப்பினார். தான் போகவில்லை. ஐரின் தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாதென்று கொழுக்கட்டை வைத்துக் கொடுத்தாள். டீச்சர் அதில் ஒன்றைக்கூட எடுக்காமல் மொத்தத்தையும் ருக்மிணியையே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

எனவே இதை ஒருவர் மனம் திருந்திய கதையாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். சிந்தியா இப்போதும் ஐரின் வீட்டுக்குப் போகிறாள்; அதற்குப் பூச்சி என்ற சாக்கு இனி வேண்டியதில்லை. டீச்சர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறார். கொடுத்த அனுமதியை மட்டும் திரும்பப் பெறவில்லை. பெற்றால் பூச்சி மறுபடியும் எந்த வீட்டுக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

போன மாதம் சிந்தியா ஒரு சிநேகிதியின் கல்யாணத்துக்கு மைசூர் போயிருந்தாள். கெக்கோவுக்குத் தீனி வைக்க டீச்சர் ஐரினைக் கூப்பிடலாம், அல்லது தானே வைக்கலாம். நான் ஏதோ கேட்கப் போனபோது டீச்சர் ஸ்டோர் ரூமில் மழைக்கோட்டு போட்டு, கையுறை மாட்டி, இடுக்கியால் ஒரு சில்வண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது துள்ளி அவர் தோளில் உட்கார்ந்தது. டீச்சர் மூக்கைத் தூக்கி, கண்ணை இறக்கி அதைப் பார்த்தார். சில்வண்டு அசையவில்லை.

“எடுத்துப் போடுங்களேன்” என்றார் என்னிடம்.

நான் எடுத்து ஹாலில் இருந்த தொட்டியில் போட்டேன். டீச்சர் நன்றி சொல்லவில்லை. வெளியே வரும்போது, நான் போட்டிருந்த செருப்பைப் பார்த்து, இதையா போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார்.