அய்யனார் கொடுத்த சிவப்புப் பூ

அடியார்களே, மாத்திரை விழுங்கினால் எனக்கு வயதே ஆகாது என்று நம்பியவன் நான். சிரியுங்கள். கறம்பக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "டெலோமரேஸ்னு ஒண்ணு இருக்குங்க. அது கூடுனா ஒடம்புல உள்ள செல்லு சாகாது. இந்த மாத்திரை அதைக் கூட்டும்."

"நான் போயிலை போடுவேனே?"

"போடுங்க, மாத்திரை பாத்துக்கும்."

படுபாவி! நானும் அவரிடமே ஒரு டப்பா வாங்கி விழுங்கிவிட்டு, புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு இளமைக்காகக் காத்திருந்தேன்.

வந்தது வெள்ளைத் திட்டு. கன்னத்தின் உட்புறம். காரம் பட்டால் உயிர் போனது. புதுக்கோட்டையில் பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். நான் பெருமையாக மாத்திரை டப்பாவை நீட்டினேன்.

"வாய்ப் புற்றுநோய் செல்லு சாகாமப் பெருகுறதே பெரும்பாலும் இந்த டெலோமரேஸ் தயவுலதாங்க. பக்கத்துச் சதைக்குள்ள ஊடுருவுறதுக்கும் அது ஒதவுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. இந்த டப்பாவுல என்ன இருக்குன்னு வித்தவருக்கே தெரியாது. மொதல்ல வாயில இருக்கிற போயிலையத் துப்புங்க!"

எனக்குக் கேட்ட சாகாவரம் புற்றுக்குப் போய்விட்டதே என்று எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டை வரும்வரை பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோய் நின்றுகொண்டார். சதையில் கத்தி பட்டால் நோய் பரவும் என்று ஊரில் எவனோ வேறு கிளப்பிவிட்டான். அய்யனாரிடம் ஓடினேன்.

பூக்கட்டிப் பார்த்தோம். இலைப் பொட்டலம் ஒன்றில் சிவப்புப் பூ, மற்றதில் வெள்ளை. வெள்ளை வந்தால் சோதனை வேண்டாம். பூசாரி எடுத்தார். சிவப்பு.

"சரியாக் குலுக்கலை" என்றேன்.

மறுபடியும் சிவப்பு.

"இன்னும் ஒரே தடவை..."

என் மனைவி செல்விக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "ஏங்க, சாமி பதில் சொல்லிருச்சு. ஒங்களுக்குப் புடிச்ச பதில் வர்ற வரைக்கும் அது இங்கிட்டே ஒக்காந்து பூ எடுத்துக்கிட்டு இருக்குமா? கெளம்புங்க!"

அய்யனாரே, பயத்தையாவது எடுத்துக்கொள் என்று விழுந்து கும்பிட்டேன். பாதியை எடுத்துக்கொண்டார். மீதிப் பாதியோடு டாக்டரம்மா முன் வாயைத் திறந்தேன்.

ஆடியில் அய்யனாருக்கு மண்குதிரை எடுத்து நன்றி சொன்னோம். ஆனால் அந்தப் பந்திக்காரர் மேல் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. போன வாரம்கூட வேறொரு கல்யாணத்தில் டப்பாக் கடையை விரித்திருக்கிறார். உங்கள் பாரத்தைச் சாமி மேல் போடுங்கள், அந்த டப்பா மேல் போடாதீர்கள். வாயில் ஆறாத புண்ணோ திட்டோ இருந்தால் கும்பிட்டுவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள். பூக்கட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்; உங்கள் பங்குக்கும் சேர்த்து நானே கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

சோதனையில் புற்றுநோய் இல்லை. விட்டுவைத்தால் அப்படி மாறக்கூடிய திட்டு என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். புகையிலையை விட்டுவிட்டேன். வரச்சொன்ன போதெல்லாம் போய் வாயைக் காட்டிவிட்டு வருகிறேன்.